சுவரொட்டியில் "கவனம்" என்று எழுதுவதற்கு முன்: பணியிடப் பாதுகாப்பு அமைப்பில் மக்கள் தொடர்பு வேலை

ஒன்பது வருடம் நாளிதழ் நிருபராக இருந்துவிட்டு, அரசு நிதியில் நடக்கும் ஒரு பாதுகாப்பு அமைப்பில் மக்கள் தொடர்புக்கும் விளம்பரத்துக்கும் பொறுப்பாளராகச் சேர்ந்தேன். சேர்ந்த மூன்றாவது வாரம் அம்பத்தூர் தொழிற்பேட்டையில், உலோகத் தகட்டை அழுத்தி வடிவாக்கும் ஒரு பிரஸ் ஷாப்புக்குப் போனேன். சுவரில் எங்கள் சுவரொட்டி, நாலு வண்ணத்தில்: "கவனமே உயிர்க்கவசம்". அதற்கு நேர் கீழே பழைய மாடல் பவர் பிரஸ் ஒன்று. அதில் இரண்டு பச்சை பட்டன் இருக்கும். இரண்டு கையாலும் இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் மேலிருந்து ராம் என்ற கனமான அழுத்துபாகம் இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருக்கிறவரை, தகடு வைக்கும் அச்சான டைக்குள் விரல் போகாது என்பது கணக்கு. அங்கே இடது பட்டனில் தீப்பெட்டி அட்டையை மடித்துச் சொருகி, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றி, நிரந்தரமாக அமுங்கியபடி வைத்திருந்தார்கள். மிச்சமாகும் கையால் அடுத்த தகட்டை வைக்கலாம் அல்லவா?

"மேல பீஸ் கணக்கு கேக்கறாங்க மேடம். ரெண்டு கை வெச்சு அமுக்கினா வராது" என்றார் சூப்பர்வைசர். மெஷினில் இருந்த பையன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் ஒடிசாக்காரன், தமிழ் படிக்கத் தெரியாது.

இந்தப் பொறுப்புக்குப் புதிதாக வந்திருப்பவர்கள் என்னிடம் யோசனை கேட்டால், இந்தப் பட்டன் கதையைத்தான் முதலில் சொல்வேன். அந்தச் சுவரொட்டி யாரிடம் பேசியது? படிக்கத் தெரியாத பையனிடம். அட்டையைச் சொருகச் சொன்னவரிடம் அது ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

யாரிடம் பேசுவது

பாதுகாப்பு விழாக்களில் மேடையேறும் யாராவது ஒருவர் "விபத்துகளில் 88 சதவீதம் தொழிலாளியின் தவறான செயலால்" என்று சொல்வதை நீங்கள் கேட்பீர்கள். அந்த எண் 1931-இல் ஹெய்ன்ரிச் என்ற அமெரிக்கர் எழுதியது. அவர் காப்பீட்டு நிறுவனத்துக்காரர். அவர் கையில் இருந்தவை காப்பீட்டுக் கோப்புகளும் ஆலை நிர்வாகங்கள் எழுதிய விபத்து அறிக்கைகளும். நிர்வாகம் எழுதின அறிக்கையில் யார்மேல் தப்பு இருக்கும்? பின்னால் வந்த ஆய்வாளர்கள் பலர் அதைக் கேள்வி கேட்டுவிட்டார்கள், ஆனால் மேடைக்கு அந்தச் சேதி இன்னும் வந்துசேரவில்லை. உங்கள் தலைவருக்கு நீங்கள் எழுதித்தரும் உரையில் அந்த எண் நுழையாமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். ஆபத்தை அடியோடு நீக்குவது, குறைந்த ஆபத்துள்ளதாக மாற்றுவது, இயந்திரத்துக்குத் தடுப்புப் போடுவது, அப்புறம்தான் விதிமுறையும் பயிற்சியும் எச்சரிக்கைப் பலகையும், கடைசியாக ஹெல்மெட், கிளவுஸ். பாதுகாப்புத் துறையில் எல்லோரும் ஒத்துக்கொண்ட வரிசை இது. நம் சுவரொட்டி இருப்பது கடைசிக்கு முந்தின படியில். வேலி போடாத மெஷினுக்கு எவ்வளவு அழகான வாசகமும் வேலியாகாது.

அதனால் நான் பட்ஜெட்டைத் திருப்பினேன். தொழிலாளிக்கான சுவரொட்டியைப் பாதியாகக் குறைத்துவிட்டு, சூப்பர்வைசர், மேஸ்திரி, லேபர் கான்ட்ராக்டர் ஆகியோருக்குச் சட்டைப்பையில் வைக்கும் அளவில் ஓர் அட்டை போட்டோம். ஒரு பக்கம் டேப் சுற்றிய பட்டனின் புகைப்படம். மறுபக்கம்: "இதைப் பார்த்தால் மெஷினை நிறுத்துங்கள். ஆபத்தான பாகத்துக்குத் தடுப்புப் போடுவது ஆலை நடத்துபவரின் சட்டக் கடமை. நிறுத்தியதற்கு உங்களைக் கேட்டால் இந்த எண்ணுக்குக் கூப்பிடச் சொல்லுங்கள்." சூப்பர்வைசருக்கும் ஒரு பிடிமானம் வேண்டும். மேலேயிருந்து பீஸ் கணக்குக் கேட்பவரிடம் காட்ட அவர் கையில் அதுவரை ஒன்றும் இல்லை. ஆனால் அட்டையில் சட்டப் பிரிவு எண்ணை அச்சடிக்காதீர்கள். 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்துக்கு 2020-இல் நிறைவேறிய தொகுப்புச் சட்டம் வந்தாயிற்று. பழைய எண்ணோடு அச்சடித்த கட்டுகள் எங்கள் கிடங்கில் இன்னமும் கிடக்கின்றன.

சொல்

கோப்பில் "வரையறுக்கப்பட்ட இடம்" என்று எழுதுகிறோம். செப்டிக் டேங்கில் இறங்குகிற ஆளிடம் அதைச் சொல்லிப் பாருங்கள், ஏதோ பட்டா விவகாரம் என்று நினைப்பார். "மூடின தொட்டி, குழி, கிணறு" என்றால் போதும். எதை எழுதினாலும் அச்சுக்கு அனுப்புமுன் தொழிற்பேட்டை டீக்கடையில் நாலு பேரிடம் காட்டி, "இதுல என்ன போட்டிருக்குன்னு உங்க வார்த்தையில சொல்லுங்கண்ணா" என்று கேளுங்கள். அவர்கள் சொல்வது உங்கள் வாசகத்தைவிட நன்றாக இருந்தால் அதையே போடுங்கள். எனக்குப் பெரும்பாலும் அப்படித்தான் நடந்தது.

தொட்டி விஷயத்தில் நாங்கள் சொல்ல வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. ஒருவர் உள்ளே மயங்குவார், காப்பாற்ற அடுத்தவர் இறங்குவார், அவரும் விழுவார். செய்திகளில் திரும்பத் திரும்ப வருவது இதுதான். ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகின முட்டைபோல நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, உள்ளே இருப்பவர் வாயு போய்விட்டது என்று நினைத்துக்கொள்வார். இதைச் சுவரொட்டியில் சொல்ல முடியாது. 40 விநாடி ஆடியோவாக்கி வாட்ஸ்அப்பில் விட்டோம். முதலில் ஓர் அதிகாரியின் குரலில் எடுத்தோம், யாரும் அடுத்தவருக்கு அனுப்பவில்லை. அப்புறம் தண்ணீர் லாரி ஓட்டும் ஒருவரைப் பேசவைத்தோம். "அவன் விழுந்துட்டான்னு நீ இறங்காத மச்சான். நீ இறங்கினா ரெண்டு பொணம். நூத்தியெட்டுக்கும் தீயணைப்புக்கும் போன் போடு, கயிறு கட்டியிருந்தா மேலேயிருந்து இழு." அது இரண்டு நாளில் என் தம்பியின் அபார்ட்மெண்ட் குரூப் வழியாக எனக்கே திரும்பி வந்தது.

தமிழ் மட்டும் போதாது என்பதை 2023 மார்ச்சில் நன்றாக உணர்ந்தேன். தேசியப் பாதுகாப்பு தினத்துக்கு நாங்கள் தமிழில் பேனர் அடித்துக்கொண்டிருந்த அதே வாரம், வடமாநிலத் தொழிலாளர்களைத் தாக்குவதாகப் போலி வீடியோக்கள் இந்தியில் பரவின. பலர் ஊருக்குக் கிளம்பினார்கள், ஹோலி வேறு. போலீஸ் இந்தியில் மறுப்பு வெளியிட்டது, உதவி எண்கள் கொடுத்தது. எங்களிடமோ அவர்களுக்கு ஒரு வரி அனுப்ப வழியில்லை. ஒரு போன் எண்கூட இல்லை. ஆபத்து வந்த பிறகு நம்பிக்கையைத் தேடினால் கிடைக்காது, முன்கூட்டியே சேர்த்துவைக்க வேண்டும். இப்போது இந்தி, ஒடியா, வங்காளம் மூன்றிலும் விடுதிவாரியாகக் குரூப் இருக்கிறது. பாதி நாள் அதில் போவது பாதுகாப்புச் செய்தி அல்ல: ரயில் நேரம், ஈ.எஸ்.ஐ. கார்டு, சம்பளப் பாக்கிக்கு எங்கே போவது. அது வீண் என்று தணிக்கையில் ஒருவர் எழுதினார். இருக்கட்டும்.

விபத்து நடந்த அன்று

உங்களை எடைபோடுவது இந்த நாளில்தான். விபத்து நடந்த ஒரு மணி நேரத்துக்குள் நிருபர் கூப்பிடுவார். அவருக்குக் காரணம் வேண்டும். நானும் அப்படிக் கேட்டவள்தான். சிவகாசிப் பக்கம் வெடிவிபத்து என்றால் "உராய்வு காரணமாக" என்று எழுதிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவோம். உராய்வு பொறி மட்டும்தான். ஓர் அறையில் எத்தனை பேர் இருந்தார்கள், எவ்வளவு மருந்து இருந்தது, ஆலை உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்ததா, இதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் மூடிப்போகும்.

நானே செய்த தவறு ஒன்று உண்டு. ஒரு கட்டடத்தில் சாரத்திலிருந்து ஒருவர் விழுந்து இறந்தார். நிர்வாகம் தந்த குறிப்பை நம்பி, "பாதுகாப்பு பெல்ட்டை முறையாகப் பயன்படுத்தாததால்" என்று பத்திரிகைக் குறிப்பில் எழுதி அனுப்பினேன். மறுநாள் இறந்தவரின் மைத்துனர் அலுவலகத்துக்கு வந்தார், கையில் மொபைல். உடலை எடுக்கும்போது எடுத்த படம். பெல்ட் இடுப்பில் இருக்கிறது, கொக்கி தொங்குகிறது. "இத எங்க மாட்டறதுங்க? அங்க ஒரு கம்பியும் இல்ல" என்றார். சத்தம்கூடப் போடவில்லை. நான் எழுதின "முறையாக" என்ற சொல் இரண்டு நாளிதழில் அப்படியே வந்திருந்தது. திருத்தம் அனுப்பினேன், ஒன்றில் மட்டும் உள்பக்கத்தில் நாலு வரி போட்டார்கள்.

அதிலிருந்து என் மேசையில் ஒரு பழக்கம். முதல் குறிப்பில் காரணம் கிடையாது. என்ன நடந்தது, எங்கே, எத்தனை மணிக்கு, யார் விசாரிக்கிறார்கள், அடுத்த தகவல் எப்போது என்று மட்டும் சொல்வேன். அடுத்த தகவல் மாலை 5 மணிக்கு என்றால், சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் 5 மணிக்கு அதையே சொல்வேன். நிருபர்கள் வெற்றிடத்தைத்தான் வதந்தியால் நிரப்புவார்கள். குடும்பத்துக்குத் தெரிந்துவிட்டது என்று உறுதியாகும்வரை பெயர் வெளியே போகாது. "கவனக்குறைவு", "அலட்சியம்", "எச்சரித்தும் கேட்காமல்" மூன்றும் எந்த நாளும் கிடையாது. விசாரணை முடிந்தபின், செய்தி ஆறிப்போயிருந்தாலும், உண்மைக் காரணத்தைத் தனிக் குறிப்பாக அனுப்புங்கள். பெரும்பாலும் போட மாட்டார்கள். ஆனாலும் அனுப்புங்கள், அடுத்த விபத்தில் அதே நிருபர் வேறு கேள்வி கேட்பார்.

குறிப்பின் கடைசிப் பத்தியில் குடும்பத்துக்கு என்ன சேரவேண்டும் என்று எழுதுங்கள். ஈ.எஸ்.ஐ. இருந்தால் சார்ந்தோருக்கு மாதாமாதம் உதவித்தொகை. சாக்கடைக்குள் இறங்கி இறந்தால் 30 லட்சம் ரூபாய், அதுவரை 10 லட்சமாக இருந்ததை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. செய்தியில் தொகை வந்துவிட்டால், குறைந்த பணத்தைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கப் போகிறவருக்குக் கொஞ்சம் தயக்கம் வரும்.

வேலிக்கு வெளியே இருப்பவர்கள்

ஆபத்தான ரசாயனம் வைத்திருக்கும் ஆலையின் பக்கத்துத் தெருவும் உங்கள் வாசகர்தான். 1984 டிசம்பர் 2 இரவு போபாலில் விஷவாயு கசிந்தபோது எந்தப் பக்கம் ஓடுவது, ஈரத்துணியால் முகத்தை மூடுவது உதவும் என்று அந்தக் குடிசைகளுக்கு யாரும் சொல்லி வைத்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் 1987-இல், சுற்றி வாழும் மக்களுக்கும் ஆபத்தைச் சொல்ல வேண்டும் என்று பழைய தொழிற்சாலைகள் சட்டத்தில் 41பி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். நடைமுறையில் ஆலை வாசலில் ஆங்கிலத்தில் ஒரு பலகை நிற்கும். உங்களால் முடிந்தது: சைரன் எப்படி ஒலிக்கும் என்பதைப் பள்ளிக்கூடத்தில் போட்டுக் காட்டுவது. பிள்ளைகள் வீட்டில் போய் அதே மாதிரி ஊளையிட்டுக் காட்டும்.

மார்ச் 4, தேசியப் பாதுகாப்பு தினம் பற்றிக் கொஞ்சம். பணியிடப் பாதுகாப்புக்கான தேசியப் பாதுகாப்பு கவுன்சில் 1966-இல் தொடங்கிய நாள் அது. உறுதிமொழி, கட்டுரைப் போட்டி, அதிகாரிகள் வரிசையாக நிற்கும் புகைப்படம் எல்லாம் இருக்கும். செய்துவிட்டுப் போங்கள், சண்டை போடாதீர்கள். ஆனால் வருடப் பணத்தில் பாதியை அந்த வாரத்தில் கரைக்க விடாதீர்கள்.

பலன் என்ன என்று நிதித்துறை கேட்கும். எத்தனை லட்சம் பேர் வீடியோ பார்த்தார்கள் என்ற எண்ணைக் கொடுத்தால் சந்தோஷப்படுவார்கள், அதையும் கொடுங்கள். உங்களுக்காக வேறு இரண்டைக் குறித்து வையுங்கள். உதவி எண்ணுக்கு வரும் அழைப்பில் சூப்பர்வைசர்கள் எத்தனை பேர். அடிபடாமல் தப்பிய சம்பவங்களை எத்தனை ஆலை தானாக எழுதி அனுப்புகிறது. இந்த இரண்டாவது எண் கூடும்போது "விபத்து கூடிவிட்டது" என்று மேலே பதறுவார்கள். கூடினால் நல்லது, மறைப்பது குறைகிறது என்று விளக்க ஒரு பக்கக் குறிப்பு தயாராக இருக்கட்டும். எனக்கு அது வருடத்துக்கு ஒரு முறையாவது தேவைப்படுகிறது.

அப்புறம் தொழிற்சாலை ஆய்வாளர்களோடு நட்பாக இருந்து, அவர்கள் ஜீப்பில் ஓர் இடம் வாங்கிக்கொள்ளுங்கள். ஷாப்பில் நுழைந்ததும் இடது பட்டனைப் பாருங்கள். மார்ச் மாதம் போகாதீர்கள், மார்ச்சில் எல்லா இடத்திலும் டேப்பைப் பிரித்து வைத்திருப்பார்கள். ஏதாவது ஒரு மே மாதம், மதியம் ஷிப்ட் மாறும் நேரத்தில் போங்கள்.