‘விச்’ போட்ட பிறகு ‘இட்’ எதற்கு?

‘நான் தவறவிட்ட பஸ்’ என்று தமிழில் விவரம் முன்னால் வரும். ஆங்கிலத்தில் பெயர் முதலில், விவரம் பின்னால்: ‘தி பஸ் விச் ஐ மிஸ்டு’. இங்கேதான் பலர் பழக்கதோஷத்தில் ‘தி பஸ் விச் ஐ மிஸ்டு இட்’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘இட்’ பார்க்க வேண்டிய வேலையை ‘விச்’ ஏற்கெனவே பார்த்துவிட்டது. ஒரே நாற்காலியில் இரண்டு பேர் உட்கார முடியாது. ‘இட்’டை அடித்துவிடுங்கள்.

‘விச்’, ‘ஹூ’, ‘தட்’ ஆகியவற்றை எப்போது விடலாம்? அடுத்த சொல்லைப் பாருங்கள். முன்னால் காற்புள்ளி இல்லாமல், ‘ஐ’, ‘வீ’ போல வேறொரு எழுவாய் வந்தால் விடலாம்: ‘தி பஸ் ஐ மிஸ்டு’. நேராக வினைச்சொல் வந்தால் விடவே கூடாது. ‘தி பஸ் கோஸ் டு தாம்பரம் இஸ் லேட்’ தப்பு, ‘தி பஸ் தட் கோஸ் டு தாம்பரம் இஸ் லேட்’ சரி.

காற்புள்ளி பொருளையே மாற்றும். ‘மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் வேளச்சேரி’ என்றால் சகோதரர்கள் பலர், அதில் வேளச்சேரிக்காரர். ‘பிரதர்’ என்பதற்குப் பிறகு காற்புள்ளி வந்தால் ஆள் யாரென்று முன்பே தெரியும், ஊர் வெறும் கூடுதல் தகவல். இந்தக் காற்புள்ளிக்குப் பின் ‘தட்’ வராது. ஆளுக்கு ‘ஹூ’, பொருளுக்கு ‘விச்’.

‘ஹூம்’? ‘டு’, ‘வித்’ போன்ற சொல்லுக்கு அடுத்து வந்தால் கட்டாயம், மற்றபடி பேச்சில் ‘ஹூ’ போதும்.

‘உடைய’ என்று பொருள் தரும் ‘ஹூஸ்’ ஆட்களுக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. ‘எ ஹவுஸ் ஹூஸ் ரூஃப் லீக்ஸ்’ நல்ல ஆங்கிலம்தான்.