வாரக்கூலி வீட்டுக்கு ஒரு வரவு செலவுக் கணக்கு

கம்பம், போடி பக்கமிருந்து விடியற்காலையில் ஜீப் ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். மாதச் சம்பளக்காரர்களின் பட்ஜெட் நமக்கு ஒத்துவராது. வாரக்கூலிக்கு வாரக்கணக்குதான் சரி.

1. முதல் மாதம் எதையும் குறைக்க வேண்டாம், நோட்டில் எழுதினால் போதும். டீ, ரீசார்ஜ், குமுளியில் வாங்கிய லாட்டரிச் சீட்டு, எதையும் விடாதீர்கள். தமிழ்நாட்டில் லாட்டரி 2003-லேயே தடையாகிவிட்டது. மலையேறினால் கேரள அரசே விற்கிறது. வீட்டுக்குத் தெரியாமல் காசு கரைவது பெரும்பாலும் இதில்தான்.

2. வரவில், ஜீப் வாடகை, முன்பணம் எல்லாம் பிடித்தது போகக் கைக்கு வந்ததை மட்டும் எழுதுங்கள்.

3. நம் வீடுகளைக் கடனில் தள்ளுவது அரிசியும் பருப்பும் அல்ல, எப்போதாவது வரும் பெருஞ்செலவு. அதை உட்கார்ந்து பட்டியல் போடுங்கள். ஜூனில் பள்ளிக்கூடச் செலவு 5,000, தீபாவளிக்கு 4,000, சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு 1,500, வருஷ மொய் 3,500 என்று வைத்தால் மொத்தம் 14,000 ரூபாய். இதை 52 வாரத்தால் வகுக்காதீர்கள். காய் எடுப்பு இல்லாத கோடையிலும் அடைமழையிலும் வேலை விட்டுப்போகும். உங்களுக்கு வேலை கிடைப்பது 40 வாரம் என்றால், வாரம் 350 ரூபாய். தாங்காது என்று தோன்றினால் இந்த வருஷம் பள்ளிக்கூடத்துக்கும் மொய்க்கும் மட்டும் எடுத்து வையுங்கள். 8,500-க்கு வாரம் 215 கூட வராது.

4. கூலி வந்த அன்றே நாலு கவரில் பிரித்துவிடுங்கள்: மளிகை, குழுக்கடன், பெருஞ்செலவு, கைச்செலவு. கரண்டு பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால், போன பில்லை எட்டாக வகுத்து அதையும் பெருஞ்செலவுக் கவரில் போடுங்கள். மளிகை இடித்தால் கைச்செலவில் எடுக்கலாம், குழுக்கடன் கவரில் கை வைக்கக் கூடாது. தவணை தவறினால் குழுவில் மற்ற பெண்களுக்கும் சங்கடம்.

5. பெருஞ்செலவுக் கவர் வீட்டில் தங்காது. போஸ்ட் ஆபீசில் 500 ரூபாயில் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். மாதாமாதம் ஒரே தொகை கட்டும் ஆர்.டி. நல்லதுதான், ஆனால் மாதம் தவறினால் அபராதம் உண்டு. வேலை நிச்சயமில்லாத நமக்கு, முடிந்தபோது போட்டு வேண்டியபோது எடுக்கும் கணக்கே தோது.