எக்ஸ்பாசிட்டரி என்றால் வாதாடுவது அல்ல

சிங்கப்பூரில் உயர்நிலை 3, 4 மாணவர்களுக்கு ஆங்கில டியூஷன் எடுக்கிறேன். ஜனவரியில் பிள்ளைகள் புதிதாக வருவார்கள், ‘எக்ஸ்பாசிட்டரி’யில் (expository, விளக்கி எழுதும் கட்டுரை) வரும் தவறுகள் மட்டும் பழையவையாகவே இருக்கும். எழுத்துப்பிழையை அகராதி பார்த்துத் திருத்திக்கொள்ளலாம், அதை இங்கே எடுக்கவில்லை.

விளக்கச் சொன்னால் தீர்ப்புச் சொல்வது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். ஒரு விஷயம் என்ன, ஏன், எப்படி என்று படிப்பவருக்குப் புரியும்படி எடுத்துவைக்கும் எழுத்துக்குத்தான் எக்ஸ்பாசிட்டரி என்று பெயர். கட்சி சேர்வது அதன் வேலை இல்லை. ‘சிங்கப்பூரில் முதியவர்கள் பலர் இன்னும் வேலைக்குப் போவது ஏன்?’ என்று ஒரு தம்பிக்கு எழுதக் கொடுத்தேன். நல்ல ஆங்கிலம்தான், ஆனால் ‘ஐ ஸ்ட்ராங்லி பிலீவ்’ என்று தொடங்கி, தாத்தா பாட்டிகளை உணவங்காடியில் மேசை துடைக்க விடக்கூடாது என்று கடைசி வரை வாதாடியிருந்தான். அவன் அக்கறையைக் குறை சொல்லவே மாட்டேன். கேட்ட ‘ஏன்’ மட்டும் அப்படியே கிடந்தது. சிபிஎஃப் (மத்திய சேம நிதி) சேமிப்பு போதாதவர்கள் இருக்கிறார்கள், வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காதவர்கள் இருக்கிறார்கள், ஓய்வு வயதையே 2022இல் 62இலிருந்து 63 ஆக்கினார்கள், அதைத் தாண்டிய பிறகும் தகுதியுள்ளவர்களுக்கு முதலாளிகள் மறுவேலைவாய்ப்புத் தர வேண்டும் என்று சட்டமும் இருக்கிறது. இவற்றை எடுத்துவைத்து, ஒன்று இன்னொன்றோடு எப்படிச் சேர்கிறது என்று காட்டியிருந்தால் போதும்.

ஓ லெவல் (உயர்நிலைப் பள்ளி இறுதித் தேர்வு) ஆங்கில முதல் தாளில் இந்தக் கட்டுரைக்கு 30 மதிப்பெண். ‘எக்ஸ்பாசிட்டரி எழுது’ என்று கேள்வியில் இருக்காது, நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். ‘ஏன்’, ‘எப்படி’, ‘காரணங்கள் என்ன’ என்று வந்தால் விளக்குங்கள். ‘ஒப்புக்கொள்கிறீர்களா’ என்று வந்தால் வாதாடுங்கள். சில ஆசிரியர்கள் வாதக் கட்டுரையையும் எக்ஸ்பாசிட்டரி என்ற பெயருக்குள்ளேயே சேர்த்துவிடுவதால் பாதிக் குழப்பம் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது, அதனால் பெயரை நம்பாமல் கேள்வியைப் பாருங்கள்.

எக்ஸ்பிளனேட்டரியோடு குழப்புவது

படத்துக்குக் கீழே வரும் விளக்கக் குறிப்பு ‘எக்ஸ்பிளனேட்டரி நோட்’. ஏற்கெனவே இருக்கும் ஒன்றைப் புரியவைக்க அதோடு ஒட்டிக்கொண்டு வருவது அது. எக்ஸ்பாசிட்டரி பெரும்பாலும் ஒரு முழு எழுத்தின் அல்லது பேச்சின் வகையைச் சொல்லும். தேவாலயத்தில் வேதப் பகுதியை வசனம் வசனமாக எடுத்து விளக்கும் பிரசங்கத்தையும் எக்ஸ்பாசிட்டரி என்பார்கள். அலுவலக அறிக்கையில் ‘திஸ் டயகிராம் இஸ் எக்ஸ்பாசிட்டரி’ என்று எழுதியிருந்த ஓர் அண்ணனுக்கும் இதைத்தான் சொன்னேன்.

‘செல்ஃப் எக்ஸ்பிளைன்ட்’

தனி விளக்கம் இல்லாமலே புரியும் என்று சொல்ல, செல்ஃப் எக்ஸ்பிளனேட்டரி என்று எழுதுங்கள்.

வாட்ஸ்அப்பில் எக்ஸ்பாசிட்டரி

வேண்டாம்.

சரி, கருத்தே வரக்கூடாதா?

வரலாம். எந்தக் காரணம் பெரியது என்று எடைபோடுவதும் விளக்கம்தான். சேமிப்புப் பற்றாக்குறைதான் முக்கியக் காரணம் என்று நினைத்தால், ஏன் அப்படி என்பதைக் காட்டிவிட்டுச் சொல்லுங்கள். அரசாங்கம் இனி என்ன செய்ய வேண்டும் என்பதை வேறொரு கேள்வி கேட்கும்போது எழுதிக்கொள்ளலாம்.