எஸ்ஏடி ஸ்கோர்: எப்போது அனுப்புவது, எப்போது விட்டுவிடுவது

கட்-ஆஃப் பார்த்தே வளர்ந்த நமக்கு அமெரிக்கக் கல்லூரி சேர்க்கையில் பிடிபடாத விஷயம் ஒன்று உண்டு. அங்கே சேரப் பலரும் எழுதும், கணக்கும் ஆங்கிலமும் கொண்ட எஸ்ஏடி என்ற பொதுத் தேர்வில் 1600க்கு இவ்வளவு எடுத்தால் இடம் உறுதி என்று எந்தக் கோடும் அங்கே கிடையாது. அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வில் 198.5 வைத்திருப்பவர் 198க்கு முன்னால் நிற்பார், அவ்வளவுதான் கணக்கு. ஹார்வர்டிலோ எம்ஐடியிலோ 1560 இருந்தும் இடம் கிடைக்காமல் போகும், அதைவிடக் குறைந்த ஸ்கோருக்குக் கிடைக்கவும் செய்யும்.

முதல் வேலையாக, ஒவ்வொரு கல்லூரியும் இப்போது என்ன கேட்கிறது என்று அதன் சேர்க்கைப் பக்கத்திலேயே பாருங்கள். 2020ல் கொரோனாவால் தேர்வு மையங்கள் மூடியதும் பெரும்பாலான கல்லூரிகள் விருப்பம் இருந்தால் ஸ்கோரை அனுப்புங்கள் என்றன, அதை வைத்து எடுத்த பழைய வீடியோக்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. எம்ஐடி 2022 மார்ச்சிலேயே மறுபடி கட்டாயமாக்கிவிட்டது. 2024ல் டார்ட்மவுத், யேல், பிரவுன், ஹார்வர்ட், கால்டெக் எல்லாம் அதே வழிக்கு வந்தன. எஸ்ஏடிக்கோ அதேபோன்ற இன்னொரு தேர்வான ஏசிடிக்கோ பதிலாக ஏபி (பள்ளியில் படிக்கும்போதே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வு) அல்லது ஐபி (சர்வதேசப் பள்ளிப் பாடத்திட்டம்) மதிப்பெண்ணும் கொடுக்கலாம் என்று யேல் அப்போது அறிவித்தது. கொலம்பியா 2023ல், விருப்பம் இருந்தால் போதும் என்பதையே நிரந்தரமாக்கியது. பெர்க்லி, யுசிஎல்ஏ உள்ளிட்ட கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் தனி ரகம். நீங்கள் அனுப்பினாலும் சேர்க்கைக்கு ஸ்கோரைப் பார்க்கவே மாட்டார்கள்.

சரி, பார்க்கிற இடங்களில் எப்படிப் பார்க்கிறார்கள்? எம்ஐடியை எடுத்துக்கொண்டால் தெளிவாகப் புரியும். அங்கே எந்தத் துறையில் சேர்ந்தாலும், பொருளாதாரமோ மொழியியலோ, இரண்டு செமஸ்டர் கால்குலஸும் இரண்டு செமஸ்டர் இயற்பியலும் எல்லோரும் முடித்தாக வேண்டும், அதனால் இந்தப் பிள்ளை முதல் வருடம் திணறாமல் தாக்குப்பிடிக்குமா என்பதற்கு கணக்கு ஸ்கோர் அவர்களுக்கு ஒரு சான்று. அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால் ஸ்கோரின் வேலை முடிந்தது. முழு மதிப்பெண் எடுத்தவர் என்பதற்காகத் தனி முன்னுரிமை இல்லை என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். 1550ஐ 1580 ஆக்க இன்னொரு ஆறு மாதம் கோச்சிங் போவதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. அதற்கு மேல் யாரைச் சேர்ப்பது என்று முடிவாவது பள்ளி மதிப்பெண், என்னென்ன பாடங்களை எவ்வளவு கடினமாகப் படித்தீர்கள், ஆசிரியர் எழுதும் பரிந்துரை, உங்கள் கட்டுரைகள், வகுப்புக்கு வெளியே நீங்கள் செய்தவை இவற்றில்தான்.

அடுத்தது, நம்மூர் பிள்ளைகள் பலர் தெரியாமலே கோட்டைவிடுவது. ஸ்கோரை வெறும் எண்ணாகப் படிக்க மாட்டார்கள், நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள் என்பதோடு சேர்த்துத்தான் படிப்பார்கள். டார்ட்மவுத் மறுபடி கட்டாயமாக்கியதற்கே இதுதான் காரணம்: வசதி குறைந்த பின்னணியிலிருந்து வந்த மாணவர்கள் 1400களில் எடுத்துவிட்டு, இது போதாது என்று பயந்து ஸ்கோரை மறைத்துவிட்டார்கள், அனுப்பியிருந்தால் அவர்களுக்கே சாதகமாக இருந்திருக்கும் என்று அந்தக் கல்லூரிப் பேராசிரியர்களின் ஆய்வு காட்டியது. ஏபி, ஐபி எதுவும் இல்லாத ஒரு ஸ்டேட் போர்டு பள்ளியிலிருந்து விண்ணப்பிக்கிற பிள்ளையை நினைத்துப் பாருங்கள். ஜனவரியில் விண்ணப்பம் முடிந்துவிடும், பிளஸ் டூ ரிசல்ட்டோ மே மாதம்தான் வரும். அந்தப் பள்ளியின் பெயரையே கேட்டிராத ஒருவர் கையில், மற்ற நாட்டுப் பிள்ளைகளோடு ஒப்பிட இருக்கும் ஒன்றிரண்டு அளவுகோல்களில் எஸ்ஏடியும் ஒன்று. அதை மறைத்து வைப்பது எவ்வளவு பெரிய இழப்பு!

அனுப்பலாமா என்று முடிவு செய்ய, கல்லூரியின் பெயரோடு 'காமன் டேட்டா செட்' என்று சேர்த்துத் தேடுங்கள், கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடும் புள்ளிவிவரத் தொகுப்பு அது. அதில் சி7 என்ற பகுதியில் தேர்வு ஸ்கோர், கட்டுரை, பரிந்துரை ஒவ்வொன்றும் அங்கே எவ்வளவு முக்கியம் என்று குறித்திருப்பார்கள். சி9ல் சேர்ந்தவர்களின் 25வது, 75வது சதமான ஸ்கோர்கள் இருக்கும், அதாவது ஸ்கோர் அனுப்பிச் சேர்ந்தவர்களில் கால்வாசிப் பேர் முதல் எண்ணுக்குக் கீழே, கால்வாசிப் பேர் இரண்டாவது எண்ணுக்கு மேலே. ஸ்கோர் கட்டாயமில்லாத கல்லூரியில் இந்த எண்கள் கொஞ்சம் ஊதியிருக்கும், ஏனென்றால் அதிகம் எடுத்தவர்கள்தானே பெரும்பாலும் அனுப்புகிறார்கள். எத்தனை சதவீதம் பேர் அனுப்பினார்கள் என்பதும் அங்கேயே இருக்கும், அதையும் பாருங்கள். என் கணக்கு இது: 25வது சதமானத்துக்கு மேல் இருந்தால் யோசிக்காமல் அனுப்புங்கள். அதற்குக் கொஞ்சம் கீழே இருந்தாலும், உங்கள் பள்ளியில் யாரும் அந்த ஸ்கோர் பக்கமே போனதில்லை என்றால் அனுப்புங்கள். ரொம்பக் கீழே, அதுவும் சேரப்போகிற துறைக்குத் தேவையான கணக்கிலேயே அடி என்றால், கட்டாயமில்லாத இடங்களில் விட்டுவிடலாம்.

பெரும்பாலான கல்லூரிகள் சூப்பர்ஸ்கோர் பார்ப்பதால், அதாவது வெவ்வேறு முறை எழுதியதில் கணக்கில் நல்லதையும் ஆங்கிலத்தில் நல்லதையும் சேர்த்துக்கொள்வதால், இரண்டாவது முறை எழுதுவது நல்லதுதான், பலவீனமான பகுதியில் மட்டும் கவனம் வைத்தால் போதும். ஜார்ஜ்டவுன் போன்ற சில கல்லூரிகள் எழுதிய எல்லா ஸ்கோரையும் கேட்பதுண்டு, ஜாக்கிரதை. பதினொன்றாம் வகுப்பு முடியும்போது ஒன்று, பன்னிரண்டாம் வகுப்பின் ஆகஸ்டில் ஒன்று, தேவைப்பட்டால் அக்டோபரில் கடைசியாக ஒன்று. அதற்குப் பிறகு தேர்வுப் புத்தகத்தை எடுத்து வைத்துவிடுங்கள், நவம்பரும் டிசம்பரும் கட்டுரைகளை எழுதி அடித்து மறுபடி எழுதவே பத்தாது.