திருமலையில் பேனா நண்பரைச் சந்திக்கச் செல்வோருக்கு

மடித்து ஒட்டி அனுப்பும் ஒற்றைத்தாள் விமானக் கடிதமான நீல நிற ஏரோகிராமில் தொடங்கிய நட்பை நேரில் காண்பதற்காகக் குடும்பத்தோடு இலங்கையின் திருகோணமலைக்கு, சுருக்கமாகத் திருமலைக்கு, போக எண்ணுபவர்கள், பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே ஒன்றை யோசித்துக்கொள்ள வேண்டும். இருவர் எழுதி இருவர் வாசித்த கடிதங்களுக்குப் பின்னால் அங்கே ஒரு முழு வீடு இருக்கிறது. உங்களோடும் கணவர், பிள்ளைகள், சில வேளை வயதான தாயார் என்று ஒரு முழு வீடு கிளம்பி வருகிறது. இந்த இரண்டு வீடுகளும் சங்கடமில்லாமல் பழகும்படி நாட்களை அமைத்துக்கொண்டால், நண்பர்கள் பேசுவதற்கு வேண்டிய நேரம் தானாகவே கிடைத்துவிடும். லண்டனிலிருந்து என் பேனா நண்பியைப் பார்க்கப் போய்வந்த பிறகு இதை உறுதியாகச் சொல்கிறேன்.

தொடர்பு விட்டுப்போயிருந்தால் முதலில் முகவரியை உறுதி செய்யுங்கள். யுத்தத்தாலும் 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த ஆழிப்பேரலையாலும் இடம்பெயர்ந்த குடும்பங்கள் அங்கே ஏராளம். பழைய முகவரிக்கு, நகரத்தின் அஞ்சல் குறியீடான 31000ஐயும் சேர்த்து, மூன்று மாதங்களுக்கு முன்னரே பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போட்டு, அதற்குள் உங்கள் வாட்ஸ்அப் எண்ணையும் எழுதிவிடுங்கள். பதில் வராமல் வாசலில் போய் நிற்பது, அன்பினால் செய்தாலும், அந்த வீட்டாரைத் திகைக்க வைக்கும்.

மே முதல் செப்டெம்பர் வரை அங்கே கடல் அமைதியாக இருக்கும். புலம்பெயர் நாடுகளின் கோடை விடுமுறையும் அதற்குள் வந்துவிடுகிறது. ஐப்பசியிலிருந்து தை வரை வாடைக்காற்றும் மழையுமாக இருக்கும். ஆனால் கோடை மாதங்களில் கச்சான் காற்று அனலாக வீசுவதால், நண்பகலில் எவரையும் வெளியே வரச் சொல்ல வேண்டாம். நண்பர் ஆசிரியராகவோ, பாடசாலை செல்லும் பிள்ளைகளின் பெற்றோராகவோ இருந்தால், ஆகஸ்ட் விடுமுறை தொடங்கும் திகதியை அவரிடமே கேட்டு நாளைக் குறியுங்கள்.

கொழும்பிலிருந்து ஹபரணை, கந்தளாய் வழியாக ஏறத்தாழ 260 கிலோமீற்றர். அந்தப் பாதையில் மாலைக்குப் பின் யானைகள் குறுக்கிடுவதுண்டு. வாகனத்தில் போகிறவர்கள் பகலிலேயே போய்ச் சேருங்கள்.

தங்குவதற்கு உப்புவெளியிலோ நகரத்திலோ ஒரு விடுதியை எடுத்துவிடுவதே நல்லது. "எங்கள் வீடு இருக்க விடுதி எதற்கு?" என்று நண்பர் கோபித்துக்கொள்வார், பிள்ளைகளின் தூக்கத்தைக் காரணமாகச் சொல்லிச் சமாளியுங்கள். முதற் சந்திப்பை வீட்டில் வைக்காமல், மாலையில் டச்சுக் குடாக் கடற்கரையில் வைத்துக்கொள்ளும்படி பரிந்துரைப்பேன். ஊர்ச் சனம் குடும்பம் குடும்பமாகக் காற்று வாங்க வரும் இடம் அது. பிள்ளைகள் கடலை நோக்கி ஓடிவிடுவார்கள், பெரியவர்கள் மணலில் உட்கார்ந்துவிடுவார்கள், பேச்சு முட்டினால் கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாம். மறுநாள் காலையில் கோணேசர் கோவிலுக்குச் சேர்ந்து போகலாம். பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால்தான் பாதை. உள்ளே படைமுகாம் இருப்பதால் அந்தப் பக்கம் கமெராவை நீட்டாதீர்கள். வழியில் நிற்கும் புள்ளிமான்களுக்குப் பிளாஸ்டிக் பையோடு எதையும் கொடுக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

வீட்டுக்குப் போகும்போது கவனிக்க வேண்டியவை கூடுதல். ஆணும் பெண்ணுமாகப் பேனா நட்புக் கொண்டவர்கள் தனியே போகாமல், துணைவரோடு போய், அந்த வீட்டின் மூத்தவர்களுக்கு முதலில் வணக்கம் சொல்லுங்கள். நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், அயலாரின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நண்பர்தான். கடிதத்தில் "நீ" என்று எழுதியவளை அவளுடைய மாமியார் முன்னிலையில் நான் "நீங்கள்" என்று அழைத்தேன். அவளும் அப்படியே அழைத்தாள். அடுக்களைக்குள் நுழைந்ததும் இருவருக்கும் பழைய "நீ" திரும்பிவிட்டது. நண்பர் கிண்ணியாவிலோ மூதூரிலோ வாழும் முஸ்லிம் குடும்பத்தைச் சேர்ந்தவராயின், நோன்பு மாதத்தில் நோன்பு திறக்கும் வேளைக்குப் போவதே மரியாதை.

நண்டும் இறாலுமாகச் சமைத்து வைப்பார்கள். பிள்ளைகளுக்கு உறைப்பு ஆகாது, வெள்ளிக்கிழமை மரக்கறிதான் என்பவற்றை முன்கூட்டியே சொல்லாவிட்டால், அவர்கள் கடன்பட்டு வாங்கியது தட்டிலேயே மிஞ்சும். விலை உயர்ந்த பரிசுகளைத் தவிருங்கள். பணத்தைக் கையில் திணிக்காதீர்கள். பிள்ளைகளின் படிப்புக்கு உதவ விரும்பினால், ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்து, தனியாகப் பேசிச் செய்யுங்கள். யுத்தத்தில் இழந்தவர்களைப் பற்றி நீங்களாகக் கேட்க வேண்டாம். சுவரில் மாலை போட்ட படம் இருந்தால், அதைப் பார்த்துக் கைகூப்பினாலே போதும். சொல்ல விரும்பினால் அவர்களே சொல்வார்கள்.

கட்டாயம் கொண்டுபோக வேண்டியவை அவர் உங்களுக்கு எழுதிய கடிதங்கள். நான் அவற்றை ஒரு கட்டாகக் கட்டி எடுத்துப் போயிருந்தேன். என் நண்பி அலுமாரியின் மேலிருந்து துருப்பிடித்த பிஸ்கற் பேணி ஒன்றை இறக்கினாள். உள்ளே என் ஏரோகிராம்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சதுர ஓட்டையோடு இருந்தன. முத்திரை சேர்த்த அவளுடைய தம்பி, அச்சிட்டிருந்த மகாராணியின் தலையைக் கத்தரித்தபோது, மறுபக்கத்தில் நான் எழுதிய வரிகளும் போய்விட்டன. ஒரு கடிதத்தை நீட்டி, "இதில் என்ன எழுதியிருந்தாய்?" என்று கேட்டாள். அது நான் அவளுக்கு ஒரு கேள்வி எழுதிய இடம் என்பது மட்டுமே எனக்கு நினைவிருந்தது. அவளுடைய பதில் நான் கொண்டுபோன கடிதக் கட்டுக்குள் இருந்தது. அதை வாசித்துத்தான் என் கேள்வியைக் கண்டுபிடித்தோம். பிறகு இரண்டு பக்கத்துக் கடிதங்களையும் திகதி வரிசையில் பாயில் பரப்பினோம்; என்னுடையவற்றை அவள் மகள் வாசிக்க, அவளுடையவற்றை நான் வாசித்தேன். விளக்கேற்றும் நேரம் வந்தபோது 1989ஐத் தாண்டியிருக்கவில்லை. மறுநாள் காலை கன்னியா வெந்நீரூற்றுக்குப் போவதாக இருந்ததை விட்டுவிட்டு மீண்டும் அவள் வீட்டுக்கே போனோம். உங்கள் திட்டத்திலும் அப்படி விட்டுக்கொடுக்கக்கூடிய ஒரு நாளை, திருமலையை விட்டுப் புறப்படுவதற்கு முதல் நாளாக, வைத்திருங்கள்.