நம்ம ஏரியா மனுஷங்க இருக்குற கதைங்கள தேடிப் புடிச்சி படிக்கிறது எப்படி

வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு, கொருக்குப்பேட்டைன்னு எங்க ஏரியா பேரு ஒரு கதைல வந்தாலே, அடுத்த பக்கத்துல ஒருத்தன் கத்தியை தூக்கிட்டு ஓடுவான். அதே தெருவுல டியூஷன் போற பொண்ணு, ஹார்பர்ல வேலை பாக்குற அப்பா, விடியக்காலைல மீன் எடுக்க ஏலத்துக்கு போற அம்மா, இவங்கள காணவே காணோம். இவங்களும் இருக்குற கதைங்க வந்துட்டு தான் இருக்கு, நாம தான் தேடிப் புடிக்கணும். நான் தேடுற விதத்தை எழுதுறேன், வடசென்னைல இருந்து படிக்கிற யாருக்காவது உதவும்.

எடுத்த எடுப்புல காசு போட்டு வாங்காதீங்க. புக்கு படிக்கிறதுக்கு அமேசான் குடுக்குற கிண்டில் ஆப் போன்ல ஃப்ரீ, அதுக்குன்னு தனியா மெஷின் வாங்க வேணாம். 2016 டிசம்பர்ல அமேசான் தமிழ் புக்குங்கள கிண்டில்ல விக்க ஆரம்பிச்சாங்க, இப்ப புது நாவல், சிறுகதை தொகுப்புன்னு நெறைய கெடைக்குது, சாம்பிள்னு ஒரு பட்டன் இருக்கும், அதை தட்டுனா ஆரம்ப பக்கங்க சும்மாவே எறங்கிடும். அந்த பக்கங்கள்லயே பாதி தெரிஞ்சிடும்.

எதை பாக்கணும்னா, மொதல்ல பேச்சு. எல்லாரும் எப்ப பாத்தாலும் ‘இன்னாமே’, ‘கஸ்மாலம்’னே பேசுனா எழுதுனவரு நம்ம தெருவுல நின்னு காது குடுத்து கேக்கல. நம்ம பையன் ஃப்ரெண்டுகிட்ட “இன்னாடா மச்சி”ம்பான், அவனே பேங்க்ல போயி “சார், ஒரு சலான் குடுங்க சார்”னு வேற குரல்ல கேப்பான், ஆயாகிட்ட பேசும்போது அது இன்னொரு மாதிரி. இந்த மாத்தம் கதைல இருந்தா நான் கண்ணை மூடிட்டு வாங்குவேன்.

அப்புறம் வேலை. அவங்க என்ன சம்பாதிக்கிறாங்க, யாருகிட்ட கடன், வாடகை எந்த தேதில குடுக்கணும், இதெல்லாம் கதைக்குள்ள வருதான்னு பாருங்க. பெரம்பூர்ல பின்னி மில்லு இருந்தது, 1921ல பெரிய ஸ்ட்ரைக் நடந்த மில்லு, அது மூடுனப்ப எத்தனை வீட்டுல அடுப்பு எரியல, எத்தனை பசங்க படிப்பை விட்டாங்க, அதை சொல்லாம இங்க இருக்குறவனோட கோவத்தை மட்டும் காட்டுனா அது பாதி கதை தான்.

ஒரு கதைல தண்ணி லாரி வர்ற எடம் படிச்சேன். செவப்பு, பச்சை, நீலம்னு குடம் வரிசையா நிக்குது, ஒரு அக்கா தன்னோட ரெண்டு குடத்துக்கு நடுவுல வேற ஒரு குடத்தையும் நகத்தி நகத்தி முன்னாடி கொண்டு வர்றாங்க, அது பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போயிருக்குற பக்கத்து வீட்டு பொண்ணோடது, யாரும் அதை பத்தி ஒரு வார்த்தை பேசல. அவ்ளோ தான் அந்த சீன். எனக்கு அப்படியே அழுகை வந்துடுச்சு, எங்க தெருவை எங்களுக்கு தெரிஞ்ச மாதிரியே ஒருத்தர் பாத்திருக்காருன்னு. இந்த மாதிரி ஒரு எடம் கெடைக்கிற வரைக்கும் தேடுங்க.

இப்ப படிக்கிற வசதி. நம்மள்ல நெறைய பேருக்கு ஒரே ரூம் வீடு, ராத்திரி லைட்ட போட்டா எல்லாருக்கும் தூக்கம் போயிடும். போன்ல படிச்சா ஆப்ல பேக்ரவுண்டை கருப்பா மாத்திட்டு பிரைட்னஸை நல்லா கொறைச்சுக்குங்க. கிண்டில் மெஷின் வாங்க காசு சேந்தா, லைட் உள்ள மாடலா வாங்குங்க, அதோட வெளிச்சம் பக்கத்துல படுத்திருக்குற புள்ளை மூஞ்சில அடிக்காது, ஒரு தடவை சார்ஜ் போட்டா நாள் கணக்கா நிக்கும், கரண்டு போனாலும் கவலை இல்ல. எழுத்தை பெருசு பண்ணிக்கலாம், கண்ணாடி போட்டு படிக்கிற அம்மாவுக்கு இதை மொதல்ல காட்டுங்க.

ஃப்ரீயா படிக்க 1998ல ஆரம்பிச்ச மதுரைத் திட்டம்னு ஒரு வெப்சைட் இருக்கு, அது பழைய நூலுங்களுக்கு. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்துல இந்த காலத்து எழுத்தும் இருக்கும், ஈபப்ங்கற மின்னூல் ஃபைலா எடுத்து, நம்ம ஃபைலை கிண்டிலுக்கு அனுப்ப அமேசான் குடுக்குற ‘சென்ட் டு கிண்டில்’ வழியா மெஷினுக்கு அனுப்பிடலாம். மோபிங்கற பழைய வகை ஃபைலை இப்ப அது வாங்காது, ஈபப் தான். ஸ்கேன் பண்ண பிடிஎஃப்னா சின்ன ஸ்கிரீன்ல எறும்பு மாதிரி தெரியும், அது போட்டோங்கறதால எழுத்தை மட்டும் பெருசாக்க முடியாது, ஸ்கிரீனை குறுக்கால அகலமா மாத்தி படிங்க, இல்ல கம்ப்யூட்டர்ல பாத்துக்கங்க. காசு குடுக்காம வாட்ஸப்ல சுத்துற புது புக்கு பிடிஎஃப் மட்டும் வேணாம்ங்க, நம்ம தெருவை எழுதுறவரு அடுத்த புக்கு எழுதணும்ல.

சின்ன பதிப்பகம் போடுற புக்கு நெறைய கிண்டிலுக்கு வர்றதே இல்ல. அதுக்கு ஜனவரில புத்தகக் காட்சி. நந்தனத்துல நடந்தா வண்ணாரப்பேட்டைல மெட்ரோ ஏறி நேரா நந்தனம் ஸ்டேஷன்ல எறங்கலாம், நடுவுல மாற வேணாம். பெரிய ஸ்டாலை கடைசில வச்சுக்கிட்டு ஒத்தை மேசை போட்டிருக்குற ஸ்டாலுக்கு மொதல்ல போங்க, “வடசென்னை பத்தி என்ன இருக்கு”ன்னு நேரா கேளுங்க, அங்க உக்காந்திருக்குறவங்களே எடுத்து காட்டுவாங்க. பதிப்புல இல்லாத பழைய புக்குக்கு எழும்பூர் கன்னிமாரா நூலகம். 1896ல தொறந்தது, நாட்டுல அச்சாகுற புக்குங்க வந்து சேர வேண்டிய நாலு நூலகத்துல அதுவும் ஒண்ணு.

ஏரியா லைப்ரரியையும் விடாதீங்க. 1948ல வந்த பொது நூலகச் சட்டத்துப்படி வீட்டு வரியோட நூலக வரியும் நாம கட்டிட்டு தான் இருக்கோம், அதனால கூச்சப்பட வேண்டியதே இல்ல. வேணுங்கற புக்கு பேரு, எழுதுனவரு, பதிப்பகம், வருஷம், இந்த நாலையும் ஒரு பேப்பர்ல தெளிவா எழுதி நூலகர்கிட்ட குடுங்க, கூட இன்னும் ரெண்டு மூணு வாசகர்கிட்ட கையெழுத்து வாங்கிக்கிட்டா நல்லது, அடுத்த தடவை போறப்ப அது என்ன ஆச்சுன்னு மறக்காம கேளுங்க.