ஹோம்கமிங் நடனம்: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஆண்டு தொடங்கிய சில வாரங்களிலேயே ஹோம்கமிங் வந்துவிடுகிறது. செப்டம்பர் இறுதியிலோ அக்டோபரிலோ ஒரு வாரம் முழுவதும் பிள்ளைகள் நாளுக்கொரு வேடத்தில் பள்ளிக்குச் செல்கிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை அமெரிக்க ஃபுட்பால் ஆட்டமும், மாணவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ராஜா ராணிக்கு மகுடம் சூட்டும் சடங்கும் நடக்கின்றன. பெரும்பாலும் மறுநாள் இரவு நடனம். பழைய மாணவர்களை ஓர் ஆட்டத்துக்காகத் திரும்ப வரவழைக்கும் வழக்கமாகக் கல்லூரிகளில் தோன்றியது இது. 1911-இல் நடத்திய ஆட்டத்தைக் காட்டி மிசௌரி பல்கலைக்கழகம் தானே முதல் என்று சொல்லிக்கொள்கிறது. இல்லினாயும் பேய்லரும் அதற்கு முந்தைய ஆண்டுகளைக் காட்டுகின்றன.

தமிழ்நாட்டில் படித்துவிட்டு அங்கே குடியேறிய பெற்றோருக்கு இவற்றில் எதுவும் பழக்கமில்லாததால், அவர்களுடைய கவலை முழுவதும் சனிக்கிழமை இரவின் மூன்று மணி நேர நடனத்தின்மேல் குவிந்துவிடுகிறது. என்னைக் கேட்டால், ஆசிரியர்கள் சுற்றி நிற்க, உடற்பயிற்சிக் கூடத்தின் ஓரத்தில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பிள்ளைகள் குதிக்கும் அந்த மூன்று மணி நேரத்தைப் பற்றித்தான் ஆகக் குறைவாகக் கவலைப்பட வேண்டும். யாரோடு போவது, எந்தக் கூட்டத்தில் நிற்பது, நடனத்துக்கு முன்னும் பின்னும் எங்கே இருப்பது என்பவற்றில்தான் பிள்ளையின் மனம் இருக்கிறது. பெற்றோர் செய்யும் தவறுகளும் பெரும்பாலும் அதைக் கவனிக்காததால் வருபவையே.

ஹோம்கமிங்கையும் பிராமையும் ஒன்றாக எண்ணிக்கொள்வது அவற்றுள் எளிதில் தவிர்க்கக்கூடியது. பிராம் வசந்த காலத்தில், பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பினருக்காக நடக்கும் வேறொரு நடனம். தரை தொடும் கவுனும் டக்சீடோவும் அதற்குத்தான். ஹோம்கமிங்குக்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையும் போகலாம். பெண்களுக்கு முழங்கால் அளவு உடை, பையன்களுக்குச் சட்டையும் டையும் போதும். இது தெரியாமல் நூற்றுக்கணக்கில் டாலர் செலவழித்து நீண்ட கவுன் வாங்கித் தந்தால், ஆசையாகச் செய்த அந்தச் செலவே அன்று பிள்ளையைத் தனித்துக் காட்டிவிடும்.

ஒரு பையன் வண்ண அட்டையில் சிலேடை ஒன்றை எழுதி, கையில் டோனட் பெட்டியோடு வந்து, ஹோம்கமிங்குக்குத் தன்னோடு வருவாயா என்று மகளிடம் கேட்கிறான். படம் இன்ஸ்டாகிராமில் வந்துவிடுகிறது. பார்த்த மாத்திரத்தில் காதல் என்று முடிவுகட்டி, அவன் யார், அவன் வீட்டில் என்ன செய்கிறார்கள் என்று குறுக்கு விசாரணை தொடங்குவது அடுத்த தவறு. சில நேரங்களில் அது காதலாகவே இருக்கலாம். ஆனால் வேதியியல் வகுப்பில் பக்கத்து இருக்கைக்காரன் என்பதற்குமேல் ஒன்றுமில்லாமலும் பல நேரங்களில் இருக்கும். விசாரணையால் கிடைக்கும் பலன், அடுத்த ஆண்டு அவள் வீட்டில் எதையும் சொல்லமாட்டாள் என்பதுதான். அதே வீட்டில் மகனைப் பார்த்து, நீ யாரையும் கேட்கவில்லையா என்று சீண்டுவதும் வேண்டாத வேலை. ஜோடி இல்லாமல் நண்பர்களாகச் சேர்ந்து போவது இப்போது மிகச் சாதாரணம்.

ஆனால் கூட்டம் இல்லாமல் போவது சாதாரணமல்ல. நடனத்துக்குச் சில வாரங்கள் முன்பே ஸ்னாப்சாட்டில் குழு அமைந்துவிடுகிறது. உணவகத்தில் பன்னிரண்டு பேருக்கு மேசை பதிவு செய்து, யார் வீட்டில் கூடுவது, எங்கே படம் எடுப்பது, யார் எந்த நிறம் என்பதெல்லாம் முடிவானபின் பதின்மூன்றாவது ஆளாக உள்ளே நுழைவது எளிதல்ல. படம் எடுக்கும் அந்த ஒரு மணி நேரத்தை நேரில் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். வெயில் சாய்வதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அம்மாக்கள் ஏரிக்கரையில் பரபரக்க, பெண்கள் மட்டும், பையன்கள் மட்டும், எல்லோரும் சேர்ந்து, பிறகு ஜோடி ஜோடியாக, பிறகு நடுநிலைப் பள்ளியிலிருந்தே தோழிகளாக இருப்பவர்கள் என்று வரிசை மாறிக்கொண்டே இருக்கும். எந்தப் படத்துக்கு யாரை அழைக்கவில்லை என்பதைப் பெரியவர்கள் கவனிக்காவிட்டாலும், அங்கே நிற்கும் பிள்ளைகள் அத்தனை பேரும் கவனிக்கிறார்கள்.

ஆகவே, அப்புறம் பார்க்கலாம் என்று அனுமதியைக் கடைசி வாரம்வரை இழுத்தடிப்பது, மறுப்பதைவிட மோசமான தவறு. மறுத்தால் பிள்ளை சண்டையாவது போடும். இழுத்தடித்தால் இடமே போய்விடும். நம் வீடுகளில் இந்த இழுபறிக்கு அடிக்கடி காரணமாவது நவராத்திரி. அதே வார இறுதிகளில்தான் கொலு அழைப்புகளும் வரிசை கட்டி நிற்கின்றன. நடனத் தேதியைப் பள்ளி நாட்காட்டியில் முன்கூட்டியே பார்த்துக்கொண்டு அந்த ஒரு சனிக்கிழமையை ஒதுக்கி வைப்பதால் அம்பாளுக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

டெக்சாஸில் வாழ்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று உண்டு. அங்கே மம் என்று அழைக்கப்படும் அலங்காரப் பூவைப் பையன் பெண்ணுக்குத் தருவது வழக்கம். முன்பு உண்மையான சாமந்திப் பூவாக இருந்தது, இப்போது துணிப்பூவைச் சுற்றிப் பள்ளி நிற ரிப்பன்களும், குட்டி மணிகளும், கரடி பொம்மையும், மினுமினுக்கும் எழுத்தில் பெயர்களும் தொங்க, ஆடையில் குத்த முடியாத கனத்தில் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பொருளாகிவிட்டது. நடந்தால் மணிகள் கிணுகிணுக்கும். பையனின் வீட்டார் மம் ஏற்பாடு செய்ய, பெண்ணின் வீட்டார் அவன் கையில் மாட்டும் கார்ட்டர் என்னும் அலங்காரப் பட்டையைச் செய்து தர வேண்டும். மகனைப் பெற்றவர்கள் இதை அறியாமல் இருந்துவிட்டால், வெள்ளிக்கிழமை காலை எல்லாப் பெண்களும் மணியோசையோடு வகுப்புக்குப் போக, அவன் அழைத்த பெண் மட்டும் வெறுங்கழுத்தோடு நிற்பாள். இதை நடனத்துக்கு அணிவார்கள் என்று எண்ணுவதும் தவறு. பள்ளிக்கும் ஆட்டத்துக்கும் உரியது அது.

உடைக்கும் கூட்டத்துக்கும் உள்ள உறவு அந்த ஒரு வாரத்தோடு முடிவதில்லை. பேண்ட் வாத்தியக் குழுவினர், நாடகக் குழுவினர், விளையாட்டு வீரர்கள், பழைய துணிக்கடையில் தேடித்தேடி வாங்குபவர்கள், லூலூலெமன் பிராண்டு உடை அணிபவர்கள் என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஓர் அடையாளம் இருக்கிறது. இதில் பெற்றோர் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். துணியில் என்ன இருக்கிறது, படிப்பைப் பார் என்று ஒரேயடியாக ஒதுக்கிவிடுவது ஒன்று. பிள்ளை தனியாக இருக்கிறதே என்று பயந்து, கேட்ட பிராண்டையெல்லாம் வாங்கிக் குவிப்பது மற்றொன்று. இரண்டாவதில் பணமும் போகிறது, பலனும் இல்லை. 2023-இல் ஸ்டான்லி குவளைக்கு இருந்த மவுசு எவ்வளவு விரைவில் இறங்கியது என்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாங்குவதென்றால், பள்ளியின் முதலெழுத்தைத் தைத்த லெட்டர்மேன் ஜாக்கெட்டை வாங்கித் தரலாம் என்பது என் கருத்து. 1865-இல் ஹார்வர்டு பேஸ்பால் அணி சட்டையில் எழுத்தொன்றைத் தைத்துக்கொண்டதில் தொடங்கிய மரபு அது. விளையாட்டோ வாத்தியமோ விவாத மேடையோ, உழைத்துப் பெற்ற எழுத்து அதன்மேல் இருக்கிறது. விலை அதிகம்தான்.

உடையின் நீளம் பற்றிய சண்டையை நடனத்தன்று மாலை வைத்துக்கொள்ளக் கூடாது. பள்ளியின் ஆடை விதியை வாங்குவதற்கு முன்பே மகளோடு சேர்ந்து படித்துவிடுவது நல்லது. அவள் அரசியல் பாடத்தில் படித்த டிங்கர் வழக்கை எடுத்து வீசலாம். வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புப் பட்டை அணிந்த மாணவர்களுக்கு 1969-இல் உச்ச நீதிமன்றம் தந்த பாதுகாப்பு அது. பாவாடை நீளம் பற்றிய விதிகள் இந்த வழக்கில் அடங்கா என்று அதே தீர்ப்பு சொல்லியிருப்பதைப் பெற்றோரும் தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது நடனம் முடிந்த பிறகு. நண்பன் காரில் வந்துவிடுவேன் என்பதை அப்படியே ஏற்றுக்கொள்வது பெரிய தவறு. கலிஃபோர்னியாவில் 18 வயதுக்குட்பட்டவர்கள் உரிமம் பெற்ற முதல் 12 மாதங்களில், உரிய பெரியவர் உடன் இல்லாமல் இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை ஓட்டவோ, 20 வயதுக்குட்பட்டவர்களை ஏற்றிச் செல்லவோ கூடாது. மற்ற பல மாநிலங்களிலும் இத்தகைய கட்டுப்பாடுகள் உண்டு. விருந்து நடக்கும் வீட்டில் பெரியவர்கள் இருப்பார்களா என்று அவர்களிடமே தொலைபேசியில் கேட்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை. மது அருந்தும் வயது நாடு முழுவதும் 21. நம் வீட்டில் பிள்ளைகள் கூடி யாரோ ஒளித்துக் கொண்டுவந்ததைக் குடித்தால், பல மாநிலங்களில் வீட்டுக்காரரும் பதில் சொல்ல வேண்டிவரும்.

எந்தக் கூட்டத்திலும் சேராமல் போன பிள்ளைக்காக வேறொரு தாய்க்குத் தொலைபேசி செய்து, இவளையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று கேட்பது நல்லெண்ணத்தால் செய்யும் தவறு. திங்கட்கிழமை அது பள்ளி முழுவதும் தெரிந்திருக்கும். அவளைப் போலவே இடம் கிடைக்காத இரண்டு மூன்று பேர் எப்படியும் இருப்பார்கள். அவர்கள் யார் என்பது அவளுக்கே தெரியும். அவளே அவர்களை வீட்டுக்கு அழைக்கட்டும். தோசை வார்த்துக் கொடுத்து, கொல்லைப்புறத்தில் படமெடுத்து, நாமே பள்ளிவரை கொண்டுபோய் விடலாம். நடனத்துக்கான நுழைவுச் சீட்டை மட்டும் முன்பே வாங்கியிருக்க வேண்டும். பல பள்ளிகளில் அன்றிரவு வாசலில் விற்பதில்லை, நூலகப் புத்தகத்துக்கான அபராதம் பாக்கியிருந்தால் சில பள்ளிகளில் முன்கூட்டியும் தரமாட்டார்கள்.